அமாவாசைத் தூசி

திருத்தணி நெசவுத் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. மற்ற நாட்களில் விடிந்ததும் தொடங்கும் சத்தம் அன்றைக்கு இல்லாததால், மலைமேல் மணி அடிப்பது கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அன்னம்மாள் வீட்டில் மட்டும் அந்த அமைதியில் வேறொரு சத்தம் சேர்ந்துகொள்ளும். சாயங்காலம் ஆனால் மருமகள் ஞானம்மாளுக்கு இளைப்பு வந்துவிடும்.

சுவரோரம் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, முன்னால் குனிந்தபடி அவள் மூச்சுக்குத் தவிப்பாள். ஒவ்வொரு மூச்சும் விசிலடித்துக்கொண்டு வெளியே வரும். கொஞ்சம் தணிந்த பிறகு அவளே அதைக் கேலி செய்வாள். அவளுடைய அப்பா ராஜவேலு கனகம்மாசத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டியில் தன்னை முக்கிப் பார்த்தால் எந்த இடத்தில் ஓட்டை என்று நைனா சொல்லிவிடுவார் என்பாள்.

அன்னம்மாளுக்குச் சிரிப்பு வராது. அமாவாசையும் பௌர்ணமியும் இளைப்புக்காரர்களைப் படுத்தும் என்பது அவளுக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவுக்கே தெரிந்த சங்கதி. அவளைக் குடைந்தது வேறு. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் இப்படி வருகிறது என்றால் முன்பே இருந்திருக்க வேண்டும். நோயை மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள். எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி பிறந்ததும் அவள் சம்பந்திக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள்: ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வரும்போது பெண்ணை அழைத்துப் போங்கள், குணமானதும் கொண்டுவந்து விடுங்கள் என்று. குணமானதும் என்றால் என்ன அர்த்தம் என்று ஞானம்மாளுக்குத் தெரியும். அவள் புருஷன் வீரபத்திரனுக்கும் தெரியும். அவன் தறியில் உட்கார்ந்து, நூலை இழுத்தோடும் நாடாவை இன்னும் வேகமாக அடித்தான்.

வீட்டில் நான்காவது ஆள் சந்திரா, வீரபத்திரனின் தங்கை. பத்தொன்பது வயது. பகலில் அண்ணன் தறிக்கு ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் தார் சுற்றிக் கொடுப்பாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கைகால் கழுவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த தமிழ் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவாள். அங்கே அவளுக்கு மிகவும் பிடித்தது அட்டவணை அடிப்பது. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து வரும் என்று எண்ணி, பக்கத்தின் நடுவில் கோணாமல் நிறுத்துவது. மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும் வேலை அது.

அவளுக்கு டைரி எழுதும் பழக்கமும் இருந்தது. நூல்கடை கொடுத்த பழைய டைரியில் தேதியைத் திருத்தித் தினம் நாலு வரி எழுதுவாள். எழுதியதில் பாதி வாக்கியங்களுக்குப் பின்னால் கேள்விக்குறி போடுவாள். மறுநாள் காலையில் படித்துப் பார்த்துச் சிலவற்றை அடித்துவிடுவாள். அடித்ததை ஏன் அடித்தேன் என்று பக்கத்தில் குறித்து வைப்பாள்.

சித்திரை மாதப் பௌர்ணமியன்று அவள் எழுதினாள்: "இன்று பௌர்ணமி. அண்ணிக்கு ஒன்றும் இல்லை. நான் சரியாகக் கவனிக்கவில்லையோ?" மறுநாள் அந்தக் கேள்விக்குறியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமாவாசையும் பௌர்ணமியும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். பாதி ஏன் பொய்யானது? வைகாசிப் பௌர்ணமிக்கும் காத்திருந்தாள். அன்றைக்கு ஞானம்மாள் கிணற்றடியில் இரண்டு அண்டா துணி துவைத்துவிட்டு வந்து பாட்டு முனகினாள்.

நிலா இல்லையென்றால் வேறு என்ன? அமாவாசையன்று அந்த வீட்டில் என்னென்ன நடக்கும் என்று சந்திரா வரிசையாக எழுதினாள். விடியற்காலையில் தலைக்கு ஊற்றிக்கொள்வது. காக்கைக்குச் சோறு வைத்த பிறகு தாமதமாகச் சாப்பிடுவது. பூசணிக்காய், வாழைக்காய். தறி நிறுத்தம். தறிக்குழியைச் சுத்தம் செய்வது. குளிர்ச்சியான காய்தான் காரணம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதனால் ஒரு சாதாரணப் புதன்கிழமை சந்திரா பூசணிக்காய் வாங்கி வந்து சமைத்தாள். எதற்கு என்று அன்னம்மாள் கேட்டதற்கு மலிவாகக் கிடைத்தது என்றாள். ஞானம்மாள் இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள், ஏப்பம் விட்டாள், தூங்கினாள். தலைக்குக் குளிப்பது வெள்ளிக்கிழமைதோறும் நடப்பதுதான். அதனால் ஒன்றும் ஆகவில்லை. தாமதமாகச் சாப்பிடுவதும் கல்யாண வீடுகளில் நடந்து பார்த்ததுதான்.

மிச்சம் இருந்தது தறிக்குழி.

கூடத்தில் இரண்டு தறிகளும் குழித்தறிகள். நெய்பவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக் கட்டையை மிதிப்பார். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போட்டிருப்பதால் கரப்பான் பூச்சிக்குக் கொண்டாட்டம். இரண்டு வருஷம் முன்பு ஒரே ராத்திரியில் அரை முழம் பாவைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் வீரபத்திரன் நகரிச் சந்தைக்குப் போய் ஒரு சின்ன மூட்டை வெள்ளைப் பூச்சி மருந்து வாங்கி வந்தான். பூஞ்சை பிடித்த சாக்கு மாதிரி ஒரு நாற்றம். மற்ற நாட்களில் குழிக்குள் கால் இருக்கும். அமாவாசையன்று காலில்லை. எனவே அன்றைக்குப் பழைய பொடியைக் கூட்டி அள்ளிவிட்டுப் புதுப் பொடி தூவுவது வீட்டு வழக்கமாகிவிட்டது. கூட்டுவது மருமகள் வேலை. தூவுவது மகன் வேலை. அந்த நேரத்தில் அன்னம்மாள் மலையடிவாரத்தில் சரவணப் பொய்கையில் இருப்பாள். சந்திரா தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்பாள். குனிந்து குழிக்குள் தலையை விட்டுத் துடைப்பம் போடுகிறவள் ஞானம்மாள் ஒருத்திதான்.

மருந்து வந்த வருஷமும் மருமகள் வந்த வருஷமும் ஒன்று என்பது இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை. சந்திராவுக்கும் தோன்றவில்லை. எழுதிப் பார்த்தபோது தோன்றியது. உடனே கேள்விக்குறி போட்டாள்.

அந்தக் கேள்விக்குறியை அசைத்தது ஒரு அறுந்த கயிறு. ஆனி நடுவில், அமாவாசைக்கு ரொம்பத் தள்ளி ஒரு நாள், மிதிக் கட்டையின் கயிறு அறுந்து வீரபத்திரன் குழிக்குள் இறங்கி அரைமணி நேரம் உருட்டிப் புரட்டிக் கட்டினான். ஞானம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை லேசாக இளைப்பு வந்தது. அன்னம்மாள் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அமாவாசை இல்லையே. சந்திரா சேர்த்தாள்.

பிறகு அவள் பள்ளிக்கூடத்துப் பழைய சிலேட்டைத் தேடி எடுத்தாள். ஆனி அமாவாசையன்று காலையில் அதைத் துடைத்து அடுப்பங்கரையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். தறிக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. மத்தியானம் பார்த்தபோது கறுப்புச் சிலேட்டின்மேல் மாவு சலித்தது போல ஒரு படலம். விரலால் கோடு இழுத்தாள், கோடு தெரிந்தது. முகர்ந்தாள், அதே சாக்கு நாற்றம். பிறகு அவளுக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் ஆயிற்று. காலண்டருக்குப் பின்னால், டிரங்குப் பெட்டியின் மேல், பாய்ச் சுருளுக்குள் என்று போகும் இடமெல்லாம் விரலைத் தேய்த்து முகர்ந்தாள். மூன்று நாளைக்கு முன் நெய்து மடித்து வைத்த துண்டில்கூட அது இருந்தது. பூச்சிக்குப் போட்டது பூச்சியோடு நிற்கவில்லை. வீட்டில் குடித்தனம் வந்துவிட்டது. அன்று மாலை ஞானம்மாளுக்கு இளைப்பு கடுமையாக இருந்தது.

ஆனால் அன்றைக்கு அமாவாசையும்தானே. இரண்டும் ஒரே நாளில் வந்தால் எது எதைச் செய்தது என்று எப்படிப் பிரிப்பது? தவிரவும், அந்தத் தூசியை அவளும்தான் மூச்சில் இழுக்கிறாள், அம்மாவும் இழுக்கிறாள். அவர்களுக்கு ஏன் ஒன்றுமில்லை?

மூட்டையின்மேல் நிறைய அச்சடித்திருந்தது. எல்லாம் தெலுங்கு. அந்த வீட்டில் எல்லோரும் தெலுங்கு பேசுவார்கள். நகரிச் சந்தையில் பேரம் பேசினால் ஆந்திராக்காரர்கள் என்றுதான் நினைப்பார்கள். படிக்க மட்டும் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வருஷமாக அந்த எழுத்துக்கள் மூட்டையின்மேல் கோலம் மாதிரி இருந்துவந்தன. சந்திரா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, படம் வரைவது போல டைரியில் வரைந்து எடுத்தாள். வகுப்பில் பக்கத்து மிஷினில் உட்காரும் பங்காரு நகரியில் படித்தவள். பங்காரு முதலில் சிரித்தாள், சந்திராவின் எழுத்துக்கள் எல்லாம் மல்லாக்கப் படுத்திருக்கின்றன என்றாள். பிறகு விரலை வைத்துப் படித்தாள். வயலுக்கு மட்டும். வீட்டுக்குள்ளும் தானியம் வைக்கும் இடத்திலும் தூவக் கூடாது. தூவும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

"உங்க வூட்ல இன்னா, நெல்லு வெளையுதா?" என்று கேட்டாள் பங்காரு.

சந்திரா டைரியை மூடிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள். வயல்காரர்கள் மூட்டை மூட்டையாகத் தூவுவார்கள், அவர்களுக்குச் சொன்னது அது. நாம் தூவுவது இரண்டு கை. அம்மாவிடம் போய் நிலா இல்லை, மருந்துதான் என்று சொன்னால் ஆதாரம் எங்கே என்பாள். அண்ணனிடம் சொன்னால் நீ தூவியதுதான் உன் பெண்டாட்டியைப் படுத்துகிறது என்று சொல்வதாகும். தப்பாக இருந்தால்?

அப்போதுதான் ஆடிக் கிருத்திகை நெருங்கியது. பள்ளிப்பட்டிலிருந்து அன்னம்மாளின் உறவுக்காரர்கள் பதினோரு பேர் காவடியோடு வந்து தங்குவதாக இருந்தது. அதனால் இந்தத் தடவை அமாவாசை வரை காத்திராமல், கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பே வீட்டை முழுக்கக் கூட்டிப் பொடியும் போட்டுவிட வேண்டும் என்று அன்னம்மாள் சொன்னாள். அமாவாசைக்கு மறுபடியும் செய்ய வேண்டியதில்லை.

சந்திரா காலண்டரில் விரலை வைத்து எண்ணினாள். சுத்தம் ஒரு நாள், அமாவாசை வேறு நாள். கேட்டாலும் கிடைக்காதது தானாக வந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு வரி, இளைப்பு வந்த நாட்களை வைத்து வகுப்பில் அவள் அடித்திருந்த அட்டவணை நிறைந்துவிடும். அன்று காலையில் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தவள் அவள்தான். கொடுத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வரிசை சீக்கிரம் நகர்ந்தது. குடம் நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

அன்று விளக்கு வைப்பதற்கு முன்பே இளைப்பு வந்தது. இதுவரை வந்தது எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. ஞானம்மாளின் உதடு நீலமாகிவிட்டது. பேச வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைக்கு மேல் காற்று இல்லை. வீரபத்திரன் அவளை அப்படியே வாரிக்கொண்டு ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஊசி போட்டு, விடிய விடிய உட்கார வைத்தே வைத்திருந்தார்கள். சந்திரா அன்று டைரியைத் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஞானம்மாளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். ராஜவேலுவும் அன்றே வந்துவிட்டார். தெருவில் மஞ்சள் துணி கட்டிய கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போயிற்று. வீட்டுக்குள் யாரும் சாப்பிடவில்லை. பள்ளிப்பட்டுக்காரர்கள் நிலைமையைப் பார்த்துவிட்டுச் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள்.

"அமாவாச வரிக்கும்கூடக் காத்துகினு இருக்கல, பாத்தீங்களா அண்ணே," என்றாள் அன்னம்மாள். அதில் கோபம் இல்லை, உண்மையாகவே பயந்திருந்தாள். நோய் முற்றிவிட்டது, நிலாவுக்குக்கூட இனி அது அடங்காது, என் வீட்டில் வைத்து ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்றாள். ராஜவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துணிமணியை எடுத்து வைக்கும்படி மகளிடம் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் இவளுக்கு ஒரு நாள் இருமல்கூட வந்ததில்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

சந்திராவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. தன் அட்டவணையின் கடைசி வரி அம்மா கையிலும் இருக்கிறது. அதே நாள், அதே இளைப்பு. தனக்கு மருந்தைக் காட்டியது அம்மாவுக்கு நோய் முற்றியதைக் காட்டுகிறது. இனி சும்மா இருந்தால் அண்ணி மூன்று மணி பஸ்ஸில் போய்விடுவாள்.

உள்ளே போய் வகுப்பில் அடித்து வைத்திருந்த தாளை எடுத்து வந்தாள். கடைசி வரியைப் பென்சிலால் எழுதினாள். அண்ணனிடம் நீட்டினாள். வீரபத்திரன் அதை வாங்கி ஒவ்வொரு கட்டமாகப் படித்தான். தேதி, திதி, சாப்பாடு, துடைப்பம், மருந்து, இளைப்பு. படிக்கப் படிக்க அவன் காது சிவந்தது. அன்னம்மாள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சந்திரா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மூட்டையில் எழுதியிருந்ததையும் சொன்னாள்.

"டைப் அடிச்சிட்டா நெசமாயிடுமா? அந்தத் தூசி எங்க மூக்குல ஏறல?" என்றாள் அன்னம்மாள்.

"ஏறுது. நமக்கு ஏன் ஒண்ணும் ஆவலன்னு எனுக்குத் தெரியலம்மா."

வீரபத்திரன் தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான். "நா தூவினதா?"

சுவரோரம் சாய்ந்திருந்த ஞானம்மாள்தான் தலையைத் தூக்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பேசும் முதல் பேச்சு. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினாள்.

"நேத்து தொடப்பத்த எங்கையில குடுத்தியே சந்திரா. அப்ப இது உனுக்குத் தெரியுமா?"

"பாதி தெரியும் அண்ணி."

"மீதிய என் நெஞ்ச வெச்சித் தெரிஞ்சிகினியா?"

சந்திரா இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் தோண்டிக் கேட்டிருக்க மாட்டார்கள். "ஆங்," என்றாள்.

தெருவில் ஒரு காவடி மேளத்தோடு போயிற்று. பிறகு ஞானம்மாள் அப்பாவைப் பார்த்து, தான் வரவில்லை என்றாள். இன்னும் ஆறு நாளில் அமாவாசை. இவள் சொல்வது சரியென்றால் குழியில் மருந்து இல்லாத அமாவாசைக்கு இளைப்பு வரக் கூடாது. அத்தை சொல்வது சரியென்றால் வரும். அதைப் பார்த்துவிட்டே வருகிறேன் என்றாள். ராஜவேலு மறுத்தார். அன்னம்மாள் மறுக்கவில்லை. நிலாவின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. "அன்னிக்கு ஒழுங்கா மூச்சு வுட்டான்னா நா வாயத் தொறக்க மாட்டேண்ணே. இல்லன்னா மறுநா மொத பஸ்ஸுக்கு வாங்க," என்றாள்.

அன்று முதல் ஞானம்மாள் சந்திராவோடு பேசவில்லை.

வீட்டிலிருந்து அந்தப் பொடியை வெளியேற்றுவது சந்திரா நினைத்ததைவிடச் சிரமமாக இருந்தது. அண்ணியைப் பகல் முழுக்க எதிர்வீட்டில் இருக்கச் சொல்லி அண்ணனிடம் சொல்லி அனுப்பினாள். முதல் நாள் குழிக்குள் தண்ணீரை ஊற்றினாள். அது சேறாகி, மிதிக் கட்டை ஊறிப் போய், வீரபத்திரன் தலையில் கை வைத்துக்கொண்டான். இரண்டாம் நாள் உமியை நனைத்துக் குழியிலும் கூடத்திலும் பரப்பி, தூசி அதில் ஒட்டிக்கொண்ட பிறகு மெதுவாகக் கூட்டி அள்ளினாள். அது பலித்தது. மூக்கில் ஈரத்துணி கட்டியிருந்தாள். அப்படியே வாசலுக்கு வந்தவளைப் பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சந்திரா, எந்த வூட்ட கொள்ளையடிக்கப் போற?"

மூட்டையில் பாதிக்குமேல் மருந்து மிச்சம் இருந்தது. வேண்டாமென்றால் எனக்குக் கொடு, எங்கள் குழியிலும் கரப்பான் என்றார் அவர். அவர் வீட்டில் யாருக்கும் இளைப்பு இல்லை. கொடுக்க மாட்டேன் என்றாள் சந்திரா. ஏன் என்று அவளால் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியவில்லை. ஐந்து நிமிஷம் திக்கியதுதான் மிச்சம். கடைசியில் வீரபத்திரன் அதைச் சைக்கிளில் கட்டி, கே.ஜி.கண்டிகையில் நெல் வைத்திருந்த தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தான். போகுமுன் சந்திரா பங்காரு படித்துச் சொன்னதைத் தமிழில் எழுதி மூட்டைமேல் ஒட்டினாள். அங்கே யார் தூவுவார்கள், மூக்கைக் கட்டிக்கொள்வார்களா என்று அன்று டைரியில் எழுதினாள். அந்தக் கேள்விக்குறி அடிபடாமல் நின்றது.

அமாவாசையன்று மற்றதெல்லாம் அப்படியே நடக்க வேண்டும் என்று சந்திரா அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள். தலைக்குக் குளிப்பது, காக்கைச் சோறு, தாமதச் சாப்பாடு எதையும் விடக் கூடாது. அன்னம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். பிறகு அவளுக்கே அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. பொய்கைக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். "பூசணிக்கா கொஞ்சம் தூக்கலாவே போடட்டா? அப்பால கம்மியா போட்டதால வரலன்னு சொல்லக் கூடாது," என்றாள்.

பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டம் என்று சந்திராவுக்கு அதற்குமுன் தெரியாது. கோதண்டபாணியின் மனைவி மோர் கேட்கிற சாக்கில் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். ஞானம்மாள் கூடத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. சந்திரா வகுப்புக்குப் போகவில்லை.

விளக்கு வைத்த பிறகு ஞானம்மாள் சற்றுப் படுத்தாள். கால்மணி நேரம் இருக்கும். மெல்லியதாக, நூல் மாதிரி, ஒரு விசில் கேட்டது. அன்னம்மாள் அடுப்படியிலிருந்து நிமிர்ந்தாள். வீரபத்திரன் எழுந்து நின்றேவிட்டான். ஞானம்மாள் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தப்பு, எல்லாம் தப்பு என்று சந்திராவின் மனசு அதற்குள் டைரியில் எழுதத் தொடங்கிவிட்டது. அன்னம்மாள்தான் வெந்நீர் கொண்டு வந்து மருமகள் கையில் கொடுத்தாள். ஞானம்மாள் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். விசில் இன்னும் இரண்டு மூச்சுக்கு வந்தது. பிறகு வரவில்லை. மணி எட்டானபோது அவள் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ராஜவேலு வந்து இறங்கினார். மகள் வாசல் பெருக்காமல், தண்ணீர் மட்டும் தெளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அன்னம்மாளின் முகத்தைப் பார்த்தார்.

அன்னம்மாள் தலைமுடியை அள்ளி முடிந்தாள். "வந்துதுண்ணே. வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா வந்த சுருக்குல போயிடுச்சி. அந்த மாதிரி இதுவரிக்கும் போனதில்ல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆவணி அமாவாசையும் பாக்கறேன். அது வரிக்கும் இங்கயே இருக்கட்டும். நீங்க கைகால் கழுவிகினு வந்து சாப்பிடுங்க."

ராஜவேலு மகளைப் பார்த்தார். ஞானம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பத்து மணிக்குக் கடை திறக்க வேண்டாமா என்று அவரிடம் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

சந்திரா கூடத்தில் ஞானம்மாளின் தலையணைமுன் உட்கார்ந்திருந்தாள். நேற்று விசில் வந்தது படுத்த பிறகுதான். உட்கார்ந்து தூங்கியபோது வரவில்லை. இந்தத் தலையணை இரண்டு வருஷமாக இந்தக் கூடத்திலேயே கிடக்கிறது. குழியைக் கழுவினோம், இதைத் தொடவே இல்லை. இதற்குள் எவ்வளவு இருக்கும்? பஞ்சைப் பிரித்துச் சிலேட்டில் தட்டிப் பார்க்கலாமா, அல்லது தலையணையை ஒரு வாரம் மாற்றிப் பார்ப்பதா? டைரியை மடியில் வைத்துப் பென்சிலைத் தேடினாள்.

வாசலிலிருந்து உள்ளே வந்த ஞானம்மாள் அவளையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏழு நாளாகப் பேசாதவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னா பண்ணப் போறேன்னு மொதல்ல எங்கிட்ட சொல்லு," என்றாள். "அப்பால எழுது."

சந்திரா டைரியை மூடி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.